சந்தேகம் கேட்கச் சொல்லிக் கொடுத்தவன்

1

இந்த ஆனியோடு நான் பெங்களூருக்கு வந்து பத்து வருஷம் முடிகிறது. அதைக் கொண்டாடுகிற மாதிரி போன வாரம் தாலுகா ஆபீஸ் வரிசையில் ஒரு முழுக் காலைப் பொழுது நின்றேன். மகள் நித்யாவின் படிப்புக்கு இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். பிறந்ததிலிருந்து இரண்டு வருஷம் தவிர மீதியெல்லாம் இந்த ஊரிலேயே வளர்ந்த பெண், இந்த ஊரில்தான் இருக்கிறாள் என்று ஒரு காகிதம் சொன்னால்தான் நம்புவார்களாம். போன தடவை வந்தபோது கரண்ட் பில் போதும் என்றார்கள். கொண்டுபோனால், பில்லில் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறதே, நீங்கள் யார் என்றார்கள். எனக்கே சில நாள் அது தெரிவதில்லை.

ஒருவழியாக ஜன்னலுக்கு வந்தோம். உள்ளே இருந்த குமாஸ்தா படிவத்தைப் பார்த்தபடி கேட்டார்: "ஏன் கெல்சா மாட்தீரி?"

கன்னடத்தில் 'ஏன்' என்றால் 'என்ன'. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்கிறார். வந்த புதிதில் இதைத் தமிழ்க் காதோடு கேட்டுவிட்டு, ஏன் வேலை பார்க்கிறாய் என்று ஒருத்தர் விடாமல் கேட்கிறார்களே என்று குழம்பியிருக்கிறேன். இப்போது குழப்பமில்லை. ஆனால் அந்தத் தப்பான கேள்விதான் சரியான கேள்வியோ என்று தோன்றுகிறது, அது வேறு விஷயம்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கன்னடத்திலேயே பதில் சொன்னேன்: "ஷிக்ஷெ கொட்தீனி சார்."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "யாரிகெ சார்?" என்றார். யாருக்கு என்று கேட்கிறார். எனக்குப் பின்னால் வரிசையே சிரித்தது. நித்யா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ப்பா, ஷிக்ஷண. ஷிக்ஷண கொட்தீனின்னு சொல்லணும். ஷிக்ஷென்னா தண்டனைப்பா!"

பயிற்சி கொடுக்கிறேன் என்று சொல்ல நினைத்து, தண்டனை கொடுக்கிறேன் என்று சர்க்கார் ஜன்னலில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். குமாஸ்தா நல்ல மனுஷர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இர்லி பிடி சார்" என்றார். இருக்கட்டும் விடுங்கள் என்று அர்த்தம். ஆசிரியர் என்று அவரே திருத்தி எழுதி, சீல் குத்திக் கொடுத்துவிட்டார். என் நாக்கு செய்த தப்பு ஒரு நிமிஷத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று.

பஸ்ஸில் நித்யா சிரித்துச் சிரித்து ஓய்ந்தாள். அம்மாவிடம் சொல்ல வேண்டும், ஸ்கூலில் சொல்ல வேண்டும் என்று பட்டியல் போட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சொன்னது தப்பே இல்லை. தண்டனை கொடுத்திருக்கிறேன். யாருக்கு என்று குமாஸ்தா கேட்டாரே, அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. அவள் பெயர் மல்லிகா.

2

ஊரில் உங்களுக்கு நான் 'பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கிறவர்'. போன பொங்கலுக்கு வந்தபோதுகூட இரண்டு பேர் பையனுடைய பயோடேட்டாவை என் கையில் திணித்தார்கள். நான் கம்ப்யூட்டர் கம்பெனிக்குள் போவது உண்மைதான். வாசலில் கையெழுத்துப் போட்டு, 'விசிட்டர்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவேன். சாயங்காலம் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவேன். நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வாத்தியார். ஒரு சின்ன இன்ஸ்டிட்யூட்டில் சம்பளத்துக்கு இருக்கிறேன். வார நாட்களில் கம்பெனிகளுக்கு அனுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கிற எங்கள் மாடியில், சொந்தக் காசு கொடுத்துப் படிக்க வருகிறவர்களுக்கு வகுப்பு.

வேலை ஒன்றுதான், பாடமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் திங்கட்கிழமை இருக்கிற ஆளும் ஞாயிற்றுக்கிழமை இருக்கிற ஆளும் ஒருவனா என்று எனக்கே சந்தேகம்.

கம்பெனி வகுப்பைச் சொல்கிறேன், கேளுங்கள். ஏசி அறை. சக்கரம் வைத்த நாற்காலி. பதினொரு மணிக்கு பிஸ்கட், மூன்று மணிக்கு சமோசா. இருபது இருபத்தைந்து பேர். யாரும் தானாக வந்ததில்லை. மேனேஜர் போகச் சொன்னார், வந்திருக்கிறார்கள். நாற்காலியை இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டு, இவன் எப்போது முடிப்பான் என்று என்னைப் பார்ப்பார்கள். பாதிப் பேர் நம் ஆட்கள். திருச்சி, சேலம், கோயம்புத்தூர். வகுப்பில் தமிழ் தெரியாத மாதிரி இருந்துவிட்டு, டீ நேரத்தில் கார்த்திக் என்கிற திருச்சிப் பையன் மட்டும் காதோடு சொல்வான்: "சார், நாலரைக்கு விட்ருங்க சார். அஞ்சு மணி பஸ்ஸ விட்டா ஆறரைக்குத்தான். ஃபீட்பேக்ல நல்லா போட்டுர்றேன்."

ஃபீட்பேக். அதுதான் கம்பெனி வகுப்பின் உயிர். கடைசிக் கால் மணி நேரம் ஒரு தாளைக் கொடுத்து எனக்கு மார்க் போடச் சொல்வார்கள். அஞ்சுக்கு நாலுக்குக் கீழே போனால் அடுத்த வாரம் அந்தக் கம்பெனிக்கு வேறு ஆள் போவார். ஒரு தடவை ஒரு தாளில் எழுதியிருந்தது: 'டிரெய்னருக்கு மதர் டங் இன்ஃப்ளூயன்ஸ் அதிகம்.' நான் பேசுகிற இங்கிலீஷில் தாய்மொழி வாடை அடிக்கிறதாம். கையெழுத்தைப் பார்த்தேன். மதிய சாப்பாட்டில் என்னிடம் ரசம் இருக்கா என்று தமிழில் கேட்ட அதே ஆள்.

கோபப்பட்டு என்ன செய்ய? ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தாளுக்குப் பயந்து நான் கம்பெனி வகுப்புக்கு முந்தின நாள் அகராதி புரட்டுவேன். ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு தரம் சரி பார்ப்பேன். அங்கே தப்புச் சொன்னால் அந்த இடத்திலேயே பிடித்துவிடுவார்கள். காசு அவர்களுடையது இல்லை, நேரமும் அவர்களுடையது இல்லை. என்னைச் சந்தேகப்படுவதற்கு அவர்களுக்கு நிறைய வசதி இருந்தது.

3

சந்தேகம் என்றதும் திண்டுக்கல் ஞாபகம் வருகிறது. பெங்களூர் வருவதற்கு முன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டுட்டோரியல் காலேஜில் ஆறு வருஷம் இருந்தேன். பத்தாவது ஃபெயிலான பையன்களுக்கு இங்கிலீஷ் இரண்டாம் தாள். தகரக் கொட்டகை. பக்கத்து மண்டியிலிருந்து வெங்காய நாற்றம். கரும்பலகைக்கு மேலே பெயிண்டில் பெரிதாக ஒரு வாசகம் எழுதிப் போட்டிருந்தார்கள்: சந்தேகம் வந்தால் எழுந்து நின்று கேள்.

எப்படிக் கேட்பது என்பதையும் நான் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவேன். "சார், ஐ ஹேவ் எ டவுட்." எழுந்து நிற்க வேண்டும், தெளிவாகச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் கேள்வி. எனக்கு என் வாத்தியார் சொன்னது, அவருக்கு அவர் வாத்தியார் சொன்னது. இதில் ஒரு தப்பும் யாருக்கும் தெரிந்ததில்லை. தெரியவும் நியாயமில்லை. நமக்குச் சந்தேகம் கேட்பது வேறு, சந்தேகப்படுவது வேறு. சந்தேகம் கேட்கிறவன் நல்ல மாணவன். சந்தேகப்படுகிறவன் வேறு ஜாதி ஆள். அந்த வித்தியாசத்தை இங்கிலீஷும் எங்கேயோ வைத்திருக்கும் என்று நாங்கள் நம்பிவிட்டோம்.

அந்தப் பையன்கள் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பரீட்சை வைத்தால், எழுதாமல் தப்பிக்க வரிசையாக எழுந்து "சார், டவுட்!" "சார், டவுட்!" என்று மணி அடிக்கிற வரைக்கும் இழுப்பான்கள். அப்பன் காசில் வந்தவனுக்கும் கம்பெனிக் காசில் வந்தவனுக்கும் அதிக தூரமில்லை. இரண்டு பேருக்கும் வகுப்பு முடிந்தால் போதும்.

4

ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் அப்படியில்லை. பத்து மணி வகுப்புக்கு ஒன்பதரைக்கே பேக்கரிப் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருத்தர். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஷாஹின். ஃபோட்டோ ஸ்டுடியோக்காரர். நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற மல்லிகா.

மல்லிகாவுக்குச் சேர்ந்தபோது இருபத்தேழு வயது. சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஃபேக்டரியில் செக்கிங் வேலை. தைத்த சட்டையில் பிசிறு இருக்கிறதா, பட்டன் ஆடுகிறதா என்று பார்த்துத் தள்ளுவது. ஏன் இங்கிலீஷ் படிக்க வந்தாய் என்று முதல் நாள் எல்லாரையும் கேட்பது வழக்கம். கம்பெனி வகுப்பில் இதைக் கேட்டால் 'ஸ்கில் என்ஹான்ஸ்மென்ட்' என்பார்கள். மல்லிகா சொன்னாள்:

"உக்காந்து செய்ற வேலை வோணும் சார். காலைல எட்டுக்கு நின்னேன்னா சாயங்காலம் ஆறு வரிக்கும் நின்னுகினே இருக்கணும். ஒம்போது வர்ஷம் ஆச்சி. கால் சென்டர்ல உக்காந்துகினே பேசுவாங்களாமே."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் சும்மா சொல்லவில்லை. அந்த வேலைக்கு இருபத்தெட்டு வயதுக்குமேல் எடுக்கமாட்டார்கள் என்று எங்கேயோ விசாரித்து வைத்திருந்தாள். கையில் ஒரு வருஷம் இருந்தது. அதற்காகத்தான் சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்து, மூன்று மாத வகுப்பை முடித்துவிட்டு, போதாது என்று மறுபடியும் முதலிலிருந்து சேர்ந்தாள். எங்கள் இன்ஸ்டிட்யூட் எப்படிப்பட்டது என்பது எனக்கு இதிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

அவள் நோட்டைப் பார்க்க வேண்டும் நீங்கள். நீள நோட்டு. நான் போர்டில் எழுதியது மட்டுமில்லை, வாயால் சொன்னது, சும்மா சொன்ன கதை, அடித்த ஜோக் எல்லாம் அதில் ஏறும். நான் இருமினால் அதையும் எழுதிவிடுவாளோ என்று பயமாக இருக்கும். ஒரு நாள் நோட்டைக் காட்டு என்று வாங்கினேன். ஓர் எழுத்துகூட எனக்குப் புரியவில்லை. எல்லாம் கன்னட எழுத்து.

"தமிழ்ல எழுத மாட்டியாம்மா?"

"எனுக்குத் தமிழ் படிக்க வராது சார். ஸ்கூல்ல கன்னடாதான். வூட்ல தமிழு, எய்தறது கன்னடா."

மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பம். அவள் பேசுவது எனக்குப் புரிகிறது, எழுதுவது புரியாது. நான் தமிழில் எழுதினால் அவளுக்குப் புரியாது. தப்பாக எழுதியிருந்தாலும் திருத்த எனக்கு வழியில்லை. நான் தப்பாகச் சொல்லியிருந்தால் அவளுக்கும் இல்லை. அப்போது அதைச் சிரித்துவிட்டு விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஃபீட்பேக் தாள் கிடையாது. யாரும் எனக்கு மார்க் போடுவதில்லை. கம்பெனிக்குப் பயந்து புரட்டிய அகராதியை நான் சனிக்கிழமைகளில் புரட்டியதில்லை. மரியாதையாகச் சொல்ல வேண்டுமானால், அவர்கள் என்மேல் நம்பிக்கை வைத்தார்கள், நான் அந்த நம்பிக்கையில் சோம்பேறியானேன்.

5

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை. ரிங் ரோடில் கார்த்திக் வேலை பார்க்கிற கம்பெனி. வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு ஃபோனில் பேசுகிறவர்களுக்கு வகுப்பு. இந்தத் தடவை பாடம் நான் கொண்டுபோனது இல்லை. அவர்களே ஒரு ஸ்பைரல் புத்தகம் கொடுத்தார்கள். இந்தப் புத்தகத்தில் இருப்பதை வேறு எங்கேயும் சொல்லிக் கொடுக்கமாட்டேன் என்று ஒரு தாளில் என்னிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். காலையில் கையில் வந்த புத்தகம். புரட்டக்கூட நேரமில்லை.

பாதி வகுப்பில் வழக்கம்போல, டவுட் இருந்தால் கேளுங்கள் என்றேன். கார்த்திக்தான் கையைத் தூக்கினான். பதினாலாம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னான். இந்தியர்கள் சொல்லக் கூடாதவை என்று ஒரு பட்டியல். அதில் முதலாவதே 'ஐ ஹேவ் எ டவுட்'. வெள்ளைக்காரன் காதில் அது 'எனக்கு நீ சொல்வதில் நம்பிக்கையில்லை' என்று விழுமாம். 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று கேட்க வேண்டுமாம். காலையிலிருந்து சார் இதை எத்தனை தடவை சொன்னார் என்று எண்ணிக்கொண்டிருந்தோம் என்றான் கார்த்திக், இங்கிலீஷில். நாற்காலிச் சக்கரங்கள் எல்லாம் சேர்ந்து உருண்டன.

முப்பத்தொன்பதாவது வயதில், வாத்தியாராகிப் பதினாலு வருஷத்துக்கு அப்புறம், சமோசா தின்கிற பையன்களுக்கு முன்னால் எனக்கு அது தெரிந்தது. மானம் போனது. ஆனால் ஒன்று, தெரிந்தது. அவர்கள் மதிக்காததால்தான் தெரிந்தது.

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது மல்லிகாவின் நோட்டு கண்ணுக்கு முன்னால் வந்தது. முதல் நாள் முதல் பக்கத்தில் அந்த வாக்கியத்தைத்தான் எழுதச் சொல்லியிருந்தேன். எழுந்து நில், தெளிவாகச் சொல். திண்டுக்கல் கொட்டகையில் எழுதியிருந்ததை அப்படியே கொண்டுவந்து பிரேசர் டவுனில் இறக்கியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறோமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எங்கள் இன்ஸ்டிட்யூட் முதலாளியும் அதையே சொன்னார்: கம்பெனி சரக்கு கம்பெனிக்கு, சண்டே சரக்கு சண்டேக்கு. சௌகரியமாகப் போயிற்று. ஆனால் அது பொய். ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்ல எந்தக் கம்பெனியும் என்மேல் கேஸ் போடப் போவதில்லை. வெட்கம், அவ்வளவுதான். நான் இருமினாலும் எழுதிக்கொள்கிற ஜனங்களுக்கு முன்னால், நான் சொன்னது தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறும் போயிற்று. மூன்றாவது ஞாயிறு, சரி சொல்லிவிடுவோம் என்று சாக்பீஸைக் கையில் எடுத்தேன். பின் வரிசையில் மல்லிகா எழுந்து நின்றாள். தோளை நிமிர்த்திக்கொண்டு, ஒரு சொல் விழுங்காமல், கணீரென்று கேட்டாள்: "சார், ஐ ஹேவ் எ டவுட்."

ஆறு மாதத்துக்கு முன் வாயைத் திறக்கப் பயந்த பெண். அத்தனை அழகாகச் சொன்னாள்.

"எஸ், மல்லிகா," என்றேன். "வெரி குட்."

6

அதற்கடுத்த வாரம் அவளுக்கு இன்டர்வியூ. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு நின்றுகொண்டிருந்தாள். பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மூணு ரவுண்டு பாஸாய்ட்டேன் சார். லாஸ்ட் ரவுண்டு வெள்ளக்காரரு. நல்ல மன்ஷன் சார், சிரிச்சிகினே இருந்தாரு. நானும் டக்கு டக்குனு சொன்னேன். கட்சீல, உனுக்கு ஏதாச்சும் கேக்கணுமான்னாரு. நைட் டூட்டி முட்ச்சா வூடு வரிக்கும் வண்டி வுடுவாங்களா, எங்க சந்துல வண்டி பூராதேன்னு கேக்கணும் சார். எந்திரிச்சி நின்னேன். 'சார், ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் கம்பெனி'ன்னேன்."

கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

"அவுரு மூஞ்சி ஏக்தம் மாறிட்ச்சி சார். 'வாட் டூ யு டவுட்?'னு கேட்டாரு. இன்னாத்துக்கு அப்டி கேக்கறாருன்னே புரீல. சும்னே நின்னுகினு இருந்தேன். பக்கத்துல இருந்த மேடம், ஓகே, லெட்டர் அனுப்பறோம்னு சொல்லி அனுப்ச்சிட்டாங்க. லெட்டர் வராது சார், எனுக்குத் தெரியும்." என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "நான் சொன்னதுல தப்பு இன்னா சார்?"

கேட்டாளே. நேராகக் கேட்டாளே. அந்த இடத்தில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். பாவி, என்ன சொன்னேன் தெரியுமா?

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. அவங்க வேற ஆள முன்னாடியே முடிவு பண்ணி வெச்சிருப்பாங்க."

அவள் முகம் தெளிந்துவிட்டது. "அப்டியா சார்? நான் வேற ஏதோ தப்பாய்ட்ச்சின்னு... அப்ப அடுத்த வாட்டியும் இப்டியே கேக்கலாமா சார்?"

"ம்" என்றேன்.

அந்த 'ம்' இன்னும் என் தொண்டையில் இருக்கிறது. அடுத்த மாதம் வேறொரு கம்பெனியில் கடைசி ரவுண்டு வரை போனாள். அதற்கப்புறம் வகுப்புக்கு வரவில்லை. அவளுக்கு வயது இருபத்தெட்டு தாண்டிவிட்டது என்று பிறகு ஷாஹின் சொன்னாள். சந்தாபுராவில் புதிதாக ஒரு ஃபேக்டரி வந்திருக்கிறதாம், அங்கேயே வீடு மாறிப் போய்விட்டார்களாம். மல்லிகா கொடுக்கச் சொன்னாள் என்று ஒரு நோட்டை என்னிடம் நீட்டினாள். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பிரயோஜனப்படுமே என்று கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

வாங்கி வீட்டு அலமாரியில் வைத்தேன். கன்னட எழுத்து, எனக்குப் படிக்கத் தெரியாது. தெரியாததே நல்லது என்று ஒரு வருஷம் விட்டுவைத்தேன்.

7

தாலுகா ஆபீஸிலிருந்து வந்த அன்று சாயங்காலம் அந்த நோட்டை எடுத்து நித்யாவிடம் கொடுத்தேன்.

நித்யாவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. என் பெண்ணுக்குத் தமிழ் எழுத வராது. சொல்லிக் கொடுக்க முயன்றேன். 'ற'வுக்கும் 'ர'வுக்கும் சண்டை வந்து நின்றுபோயிற்று. போன வருஷம் என் பிறந்த நாளுக்கு அவளே ஒரு வாழ்த்து அட்டை செய்து கொடுத்தாள். 'அப்பா' என்று மேலே கன்னடத்தில் எழுதியிருந்தாள். அது அப்பா என்ற சொல்தான் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. என் மனைவி அதை பீரோவில் ஒட்டி வைத்திருக்கிறாள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. ஊரிலிருந்து வருகிறவர்கள் பார்த்துவிட்டு, பிள்ளையை இப்படி விட்டுவிட்டாயே என்கிறார்கள். எங்கே விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

நித்யா முதல் பக்கத்தைத் திருப்பினாள். "யாரோட நோட்டுப்பா? கையெழுத்து சக்கத்தா இருக்கு." சக்கத்து என்றால் கன்னடத்தில் பிரமாதம். பிறகு படித்தாள். "ஐ ஹேவ் எ டவுட். அடில ரெண்டு கோடு போட்டிருக்காங்க. கீழ எழுதியிருக்கறது தமிழ்ப்பா, ஆனா கன்னட லெட்டர்ல. 'சார் சொன்னது. சந்தேகம் வந்தா பயப்படக் கூடாது. எந்திரிச்சி நின்னு இத சொல்லணும். இத சொன்னா யாரும் கோச்சிக்க மாட்டாங்க.'"

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தாள்.

"நீ சொன்னதாப்பா?"

"நான் சொன்னதுதான்."

"டவுட்னுதானே எங்க மிஸ்ஸும் சொல்வாங்க? கரெக்ட்தானே?"

இவளுக்காவது உடனே சொல்ல வேண்டும் என்று சொன்னேன். அது ஏன் தப்பு, அதற்குப் பதில் என்ன சொல்ல வேண்டும் என்று. பென்சிலை எடுத்து அந்த வரிக்குக் கீழே கன்னடத்தில் 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு, இது யாருக்கு என்று கேட்டாள். தாலுகா ஆபீஸ்காரர் கேட்டாரே, அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்கிற மாதிரி பார்த்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள்.

8

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வகுப்பை மத்தியானத்துக்கு மாற்றிவிட்டு, ஷாஹினிடம் விலாசம் வாங்கிக்கொண்டு, காலையில் சந்தாபுரா பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வரிசை வீடுகள். மல்லிகா வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அய்ய, சார்! நீங்க இந்தாண்ட! வாங்க சார், உக்காருங்க" என்று உள்ளே இருந்த ஒரே நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டாள். மெலிந்திருந்தாள். வீங்கிய காலில் ஒரு கறுப்புத் துணி சுற்றியிருந்தது. வேலை எப்படிம்மா என்றேன்.

"அதே செக்கிங்தான் சார். நிக்கறதுதான். பரவால்ல சார், பயகிட்ச்சி." காபி வாங்கிவரப் போனவளை வேண்டாம் என்று தடுத்து, உட்காரச் சொன்னேன். வாசல்படியில் உட்கார்ந்தாள்.

பையிலிருந்து அவள் நோட்டை எடுத்துப் பிரித்து முதல் பக்கத்தைக் காட்டினேன். பென்சில் எழுத்தைப் படித்துவிட்டு, "இது இன்னா சார், ஆரு எய்தனது?" என்றாள். சொன்னேன். வியாழக்கிழமை, பதினாலாம் பக்கம், கையெழுத்துப் போட்ட தாள், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்டபோது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டேதான் தப்பில்லை என்று சொன்னேன் என்றும் சொன்னேன். இங்கிலீஷ் வார்த்தை ஒன்றுகூடக் கலக்காமல் பேசினேன் என்று நினைக்கிறேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன். 'இர்லி பிடி சார்' என்று அந்தக் குமாஸ்தாவைப்போல விட்டுவிடுவாளோ என்று, வெட்கமில்லாமல், அதையும் எதிர்பார்த்தேன்.

அவள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு கம்பெனிலயும் அதான் சார் சொன்னேன்" என்றாள் மெதுவாக. பிறகு பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். ஓரங்களெல்லாம் அழுக்கேறின, வரிக்கு வரி நெருக்கி எழுதின முழு நோட்டு. கடைசிப் பக்கம் வரை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப மத்ததெல்லாம் கரெக்டா சார்?"

ஆறு மாதமாக என்னிடம் சந்தேகம் கேட்டவள்தான். என்னைச் சந்தேகப்பட்டது இதுதான் முதல் தடவை. கேட்பதற்கு அவள் எழுந்து நிற்கவில்லை.